‘போயிடுச்சு’ன்னா எங்க போச்சு? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருக்கு. போன இதழ்ல காய்கறி கழுவுறதைப் பத்தி எழுதும்போது, போறபோக்குல "சில தாவரச் சாறுங்க பூச்சிமருந்து மிச்சத்தை உடைக்கும்"னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், எல்லாரும் அதைக் கெட்டியா புடிச்சுக்கிட்டீங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எத்தனை ‘ஆனா’ இருக்குன்னு அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல, தப்பு என்னோடதுதான். இப்ப சொல்லிடறேன்.

கேள்வி: சார், ஒரு வீடியோல இலைச்சாறு கலந்த தண்ணில காய்கறிய ஊறவெக்குறாங்க. பத்து நிமிஷத்துல தண்ணி மஞ்சளா கலங்கிடுது, மேல ஒரு படலம் மாதிரி மிதக்குது. "பாருங்க, விஷம் பூரா வெளிய வருது"ங்குறாங்க. பாக்கவே பயமா இருக்கு. நெஜமா?
– வீட்டுச் சமையலைப் பாத்துக்குற ஒரு வாசகி

முதல்ல பயத்தை விடுங்க. அந்த மஞ்சள் பூச்சிமருந்து இல்ல. காய்ல ஒட்டியிருக்குற மருந்து மிச்சத்தை அளக்குறதே ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்னுதான், அதுலயும் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமே வராது, அதுக்குக் கீழ புள்ளி வெச்சுத்தான் எழுதுவாங்க. ஒரு கிலோ காய்ல இருந்து அரை மில்லிகிராம் ஏதோ ஒண்ணு தண்ணில இறங்கினா உங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியறது என்னன்னா மண்ணு, தூசி, தோல் மேல இருக்குற மெழுகு, அப்புறம் காயோட சொந்த நிறமி, அதோட அந்த இலைச்சாறோட நிறமே வேற இருக்கு. மருந்தே அடிக்காம வளத்த காயை அதே தண்ணில போடுங்க, அதுவும் கலங்கும். வீடியோல அதை மட்டும் யாரும் போட்டுக் காட்ட மாட்டாங்க.

இன்னொண்ணு சொல்லிடறேன், ஏன்னா மிச்ச எல்லாக் கேள்விக்கும் இதுதான் அடி. மருந்து ‘போயிடுச்சு’ன்னு யாராச்சும் சொன்னா அதுக்கு மூணு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, காய்ல இருந்து கழண்டு தண்ணிக்குப் போச்சு, அதாவது இடம் மாறிச்சு, ஆள் அப்படியேதான் இருக்கான். ரெண்டு, சாறுல இருக்குற ஏதோ ஒண்ணுல போய் ஒட்டிக்கிச்சு, இல்ல டெஸ்ட்டு மெஷின் கண்ணுல படாம ஒளிஞ்சுக்கிச்சு. மூணாவதுதான் நெஜமான உடையறது, மருந்தோட மூலக்கூறே ரெண்டா மூணா பிரிஞ்சு வேற பொருளா ஆயிடறது. இந்த மூணையும் ஒரே வார்த்தைல ‘நீங்கிடுச்சு’ன்னு சொல்லிடறதுலதான் பாதி ஏமாத்து நடக்குது, மீதிப் பாதி ஏமாத்து கூட இல்ல, சொல்றவங்களுக்கே வித்தியாசம் தெரியல.

கேள்வி: அப்ப உடையறதுன்னா எப்படித்தான் உடையுது? செடிச்சாறுக்கு அந்த சக்தி எங்கேருந்து வருது? கொஞ்சம் கெமிஸ்ட்ரியோடவே சொல்லுங்க, பரவாயில்ல.
– வேதியியல் படிக்கிற ஒரு மாணவர்

தம்பி கேட்டதுதான் நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே போறேன்.

நிறைய பூச்சிமருந்துல ஒரு பலவீனமான இடம் இருக்கும். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகையில பாஸ்பரஸைச் சுத்தி இருக்குற பிணைப்பு, சைபர்மெத்ரின் மாதிரி பைரித்ராய்டுல நடுவுல இருக்குற எஸ்டர் பிணைப்பு, கார்பமேட்டுல கார்பமேட் பிணைப்பு. இங்க தண்ணி வந்து நுழைஞ்சு பிரிச்சுவிடறதுதான் நீராற்பகுப்பு. இதுக்கு தண்ணியோட காரத்தன்மை ரொம்ப முக்கியம். அதை அளக்குற அளவுகோல்தான் பி.எச்., 7 நடுநிலை, அதுக்குக் கீழ அமிலம், மேல காரம். மாலத்தியானை எடுத்துக்கோ, பி.எச். 5ல இருந்தா பாதி அளவு உடையறதுக்கு ஏறக்குறைய 107 நாள் ஆகும், பி.எச். 7ல சுமார் 6 நாள், பி.எச். 9ல சுமார் 12 மணி நேரம். அதே மருந்து, அதே தண்ணி, காரம் மட்டும்தான் மாறிச்சு. கேப்டான்னு ஒரு பூஞ்சைமருந்து இருக்கு, அது நடுநிலைத் தண்ணிலயே சில மணி நேரத்துல பாதியாயிடும், பி.எச். 9க்குப் போனா சில நிமிஷம்தான். ஸ்ப்ரே அடிக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், காரத் தண்ணில மருந்தைக் கலந்து டேங்க்குலயே ராத்திரி பூரா விட்டுட்டா காலைல அடிக்கும்போது பூச்சி சாகாது. அவங்களுக்கு அது தலைவலி, நமக்கு அதேதான் வேணும்.

இப்ப இலைச்சாறுக்கு வருவோம். பி.எச். பேப்பர் ஒரு கட்டு வாங்கி கைல கிடைச்ச இலையெல்லாம் கசக்கி நான் ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கேன், ஏதாச்சும் ஒண்ணாவது பச்சை, நீலம்னு காரப் பக்கம் போகும்னு ஆசையா உக்காந்திருந்தா, ஒண்ணு மேல ஒண்ணு மஞ்சள், இளமஞ்சள்னுதான் வந்துச்சு. பெரும்பாலான இலைச்சாறு லேசான அமிலம், 5, 6ன்னுதான் நிக்கும். அதாவது மாலத்தியான் மாதிரி மருந்துக்கு அது உடைக்கிற இடமே இல்ல, பத்திரமா வெச்சுக்கிற இடம். அதனால ‘இலைச்சாறுல நீராற்பகுப்பு நடந்துச்சு’ன்னு யாராச்சும் சொன்னா அந்தச் சாறோட பி.எச். என்னன்னு முதல்ல கேளு. உண்மையிலேயே காரமான செடிச் சரக்கு வேணும்னா அது சாறு இல்ல, சாம்பல். விறகுச் சாம்பலை ஊறவெச்சு வடிச்ச தண்ணில பொட்டாசியம் கார்பனேட் இருக்கும், நல்ல காரம். ‘ஆல்கலி’ங்கிற வார்த்தையே செடிச் சாம்பலைக் குறிக்கிற அரபுச் சொல்லுல இருந்து வந்ததுதான். ஆனா அது கையையே அரிக்கும், காய்கறிக்கு அதைப் போடுன்னு நான் சொல்லல, சரியா?

அப்ப சாறுக்கு வேற வழியே இல்லையான்னா, இருக்கு. அதுல எனக்கு ரொம்பப் புடிச்ச கதை மக்காச்சோளம். சிமசின், அட்ரசின்னு ரெண்டு களைக்கொல்லி. வயல்ல அடிச்சா களை செத்துடும், மக்காச்சோளம் மட்டும் ஒண்ணும் ஆகாம நிக்கும். ஏன்னு தோண்டினாங்க. 1961ல வந்த ஒரு ஆய்வுல மக்காச்சோளச் செடியோட சாறை எடுத்து அதுல சிமசினைப் போட்டாங்க, என்சைம், அதாவது உயிருள்ள செல்லுல வேதிவினையை வேகப்படுத்துற புரதம், அதோட உதவியே இல்லாம சிமசின் மாறிப்போச்சு. மூலக்கூறுல இருந்த குளோரின் கழண்டு, அந்த இடத்துல ஹைட்ராக்ஸில் வந்து உக்காந்துச்சு. அப்படி மாறினது களையைக் கொல்லாது. அந்த வேலையைச் செய்யறது சாறுல இருக்குற பென்சாக்சசினோன்னு ஒரு வகைப் பொருள், செடி தன்னோட பூச்சி, பூஞ்சையை விரட்டத் தானே தயாரிச்சு வெச்சுக்கறது. இதோட முடியல. 1970ல அதே மக்காச்சோள இலையில ஒரு என்சைமைப் புடிச்சாங்க, குளூட்டாதயோன் டிரான்ஸ்பரேஸ்னு பேர், அது அட்ரசினோட குளோரினைத் தூக்கிட்டு அங்க குளூட்டாதயோனை ஒட்டிவிட்டுடும், அதோட மருந்து செயலிழந்துடும். இதுதான் ‘தாவரச் சாறு உடைக்கும்’ங்கிறதுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற உதாரணம். ஏன்னா, எந்தப் பிணைப்பு, சாறுல எந்தப் பொருள், உடைஞ்சு என்னவாச்சு, மூணுமே தெரியும்.

என்சைம்னு சொன்னதும் ஒண்ணு கவனி. ஆப்பிளை வெட்டி வெச்சா பழுப்பாகுதுல்ல, அது பாலிபீனால் ஆக்சிடேஸ். முழு ஆப்பிள்ல அது ஒரு அறையில, பீனால் வேற அறையில இருக்கும், கத்தி பட்டு செல் கிழிஞ்சதும் ரெண்டும் கலந்துடுது. இந்த மாதிரி என்சைம், பெராக்சிடேஸ், எஸ்டரேஸ் எல்லாம் பச்சையா அரைச்ச சாறுலதான் உயிரோட இருக்கும். கொதிக்க வெச்சா போச்சு. ஆல்கஹால்ல ஊறவெச்சு எடுத்தாலும் பெரும்பாலும் போச்சு. அதனால ‘கஷாயமா காய்ச்சுங்க, அதுல இருக்குற என்சைம் மருந்தை உடைக்கும்’னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு கஷாயமும் தெரியல, என்சைமும் தெரியல.

மூணாவது வழி வெளிச்சம். பச்சையம், ரைபோஃபிளேவின் மாதிரி சில பொருளுங்க வெளிச்சத்தை வாங்கி அந்த சக்தியை ஆக்சிஜனுக்குக் குடுத்து அதை முரட்டு ஆக்சிஜனா மாத்திடும், அந்த ஆக்சிஜன் பக்கத்துல இருக்குற மருந்தைக் கடிக்கும். நல்லா இருக்குல்ல? ஆனா அதே சாறுல ஃபிளேவனாய்டும் இருக்கும், அது புற ஊதாக் கதிரைக் குடை புடிச்ச மாதிரி மறைச்சு மருந்தைக் காப்பாத்திடும். ரெண்டுல எது ஜெயிக்கும்னு சாறைப் பாத்தா சொல்ல முடியாது, செஞ்சுதான் பாக்கணும்.

நாலாவது உலோகம். தேயிலைச் சாறுல இரும்பு உப்பை ஒரு சிட்டிகை போட்டா பட்டுனு மை மாதிரி கறுத்துடும், தேயிலையோட பாலிபீனால் இரும்பைப் புடிச்சுக்கறது அது. சரியான முறையில செஞ்சா அதுல நானோ அளவு இரும்புத் துகள் கிடைக்கும், அதோட ஹைட்ரஜன் பெராக்சைடு சேத்தா ஹைட்ராக்சில் ரேடிக்கல் வரும், அது கிட்டத்தட்ட எந்தக் கரிமப் பொருளையும் அடிச்சு நொறுக்கிடும். இது ஃபென்டன்னு ஒருத்தர் 1894லயே எழுதிவெச்ச வினைதான், செடிச்சாறு வந்து இரும்பைத் தயார் பண்ணிக்குடுக்குது, அவ்வளவே. இங்க உடைக்கிறது யாரு? பெராக்சைடும் இரும்பும். பேர் மட்டும் தேயிலைக்கு. கழிவுநீர்த் தொட்டிக்கு இது அருமையான விஷயம், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல கூட வரக்கூடாது.

கேள்வி: பூந்திக்கொட்டைத் தண்ணில கழுவுறேன், நுரை நல்லா வருது. இது உடைக்குமா?
– ஒரு வாசகி

உடைக்காது, கழட்டும். பூந்திக்கொட்டைல சப்போனின் இருக்கு, அது சோப்பு மாதிரி வேலை செய்யுது, தோல் மெழுகுல ஒட்டிக்கிட்டு இருக்குறதைக் கிளப்பிவிடும். கழட்டுறது கேவலம் இல்லங்க, சொல்லப்போனா காய்கறி விஷயத்துல நமக்கு வேண்டியதே அதுதான். ஆனா கழட்டினது தண்ணில முழுசா இருக்கு, அதனால அந்தத் தண்ணிய ஊத்திட்டு நல்ல தண்ணில மறுபடி அலசணும், அதே தண்ணிலயே அடுத்த கட்டு கீரையையும் முக்கி எடுத்தீங்கன்னா மொதல் கட்டுல இருந்ததை ரெண்டாவது கட்டுக்குப் பங்கு வெச்சுக் குடுத்த மாதிரி ஆயிடும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு? வினிகர்?
– அதே வாசகி, தனிக் கடிதத்தில்

மேல சொன்ன மாலத்தியான் கணக்கைப் பாருங்க. அமிலம் அந்த வகை மருந்துக்கு எதிரி இல்ல, நண்பன். கிருமி விஷயம் வேற, அதை இதோட குழப்பிக்க வேணாம்.

கேள்வி: அண்ணா, அப்ப வீட்டுல என்னதான் செய்யறது? சும்மா பைப்புத் தண்ணி போதுமா? ஒரு கடையில ‘நூறு சதவீதம் மூலிகை, மருந்து மிச்சத்தை உடைக்கும்’னு போட்ட பாட்டில் ஒண்ணு வாங்கிட்டேன், அதைத் தூக்கிப் போட்டுடவா?
– வேலைக்குப் போற ஒரு வாசகர்

தூக்கிப் போடறதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க. நானும் இந்த மாதிரி ஒண்ணு வாங்கி ஏமாந்தவன்தான். முன் பக்கம் இலை, பூ, தண்ணித்துளி படம், பின் பக்கம் பொடி எழுத்துல பாத்தா முக்கியச் சரக்கு சோடியம் பைகார்பனேட், அதாங்க ஆப்பசோடா. சாறு எல்லாம் வாசனைக்கு.

காமெடி என்னன்னா சோடா நெஜமாவே கொஞ்சம் வேலை செய்யும். 2017ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு பண்ணினாங்க. ஆப்பிள் மேல தயாபெண்டசோல், பாஸ்மெட்னு ரெண்டு மருந்தைத் தடவி ஒரு நாள் விட்டுட்டு, லிட்டருக்கு 10 கிராம் சோடா கலந்த தண்ணில ஊறவெச்சாங்க. மேல்பரப்புல இருந்ததுல தயாபெண்டசோல் போக 12 நிமிஷம், பாஸ்மெட் போக 15 நிமிஷம் ஆச்சு. சோடா அந்த மருந்துங்களைக் கொஞ்சம் உடைக்கவும் செய்யுது, அதான் வெறும் தண்ணிய விட நல்லா வந்துச்சு. ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, அதை எந்த வீடியோவும் சொல்லாது. தயாபெண்டசோல்ல 20 சதவீதமும் பாஸ்மெட்ல 4.4 சதவீதமும் ஏற்கனவே தோலுக்குள்ள இறங்கிடுச்சு, அதை சோடாவும் தொட முடியல.

வெறும் தண்ணியும் சாதாரணம் இல்ல. 2000ல கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையத்துக்காரங்க 12 மருந்தை எடுத்துப் பாத்தாங்க, ஓடற தண்ணில அலசினதுலயே 9 மருந்து நல்லா குறைஞ்சுச்சு. குறையாத மூணு வின்குளோசோலின், பைஃபென்த்ரின், குளோர்பைரிபாஸ். இதுல ஆச்சரியம் என்னன்னா தண்ணில நல்லா கரையற மருந்துதான் நல்லா போகும்னு நாம நினைப்போம்ல, அப்படி ஒண்ணும் தொடர்பே தெரியல. தண்ணி கரைச்சுக்கிட்டுப் போகல, தள்ளிக்கிட்டுப் போகுது. அதனால ஓடற தண்ணில கையால தேச்சு அலசுங்க, அவசரம் இல்லாத நாள்ல சோடாத் தண்ணில ஒரு கால் மணி நேரம் போட்டு மறுபடி அலசுங்க. பாட்டில் தீர்ந்ததும் மறுபடி வாங்க வேணாம்.

இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள்ளேயே ஓடற மருந்து இருக்கு, வேர்ல குடுத்தா இலை வரைக்கும் ஏறிடும். அதுக்கு இந்தக் கழுவல் எதுவுமே பொருந்தாது, வெளிய இருந்தாத்தானே கழுவ. அதுக்கு ஒரே மருந்து விவசாயி கைல இருக்கு, கடைசியா அடிச்சதுக்கும் அறுவடைக்கும் நடுவுல விட வேண்டிய நாளை விடறது. அந்த இடைவெளியில செடியே தன்னோட என்சைமால உடைச்சுக்கும். யோசிச்சுப் பாத்தா அதுதான் உலகத்துலயே பெரிய ‘தாவரச் சாறு’ வைத்தியம், யாரும் பாட்டில்ல போட்டு விக்க முடியாததால அதைப் பத்தி விளம்பரம் வர்றதில்ல.

கேள்வி: பல வருஷம் கெமிக்கல் அடிச்ச நிலத்தை இப்ப இயற்கை முறைக்கு மாத்தறேன். இலைதழைச் சாறு ஊறவெச்சு மண்ணுல ஊத்தினா பழைய மருந்து மிச்சம் உடைஞ்சிடும்னு சொல்றாங்க. வேலை செய்யுமா?
– ஒரு விவசாயி

செய்யலாம் ஐயா, ஆனா நீங்க நினைக்கிற ஆள் அங்க வேலை செய்யல. மண்ணுல உடைக்கிற வேலை முக்கால்வாசி நுண்ணுயிரோடது. 1973ல பிலிப்பைன்ஸ் நெல் வயல் மண்ணுல இருந்து சேதுநாதனும் யோஷிடாவும் ஒரு பாக்டீரியாவைப் பிரிச்செடுத்தாங்க, ஃபிளேவோபாக்டீரியம் வகை, அது டயசினான், பாரத்தியான் மாதிரி மருந்தை உடைச்சுப் போட்டுச்சு. ஆர்கனோபாஸ்பேட்டை உடைக்கிற என்சைம்னு இன்னைக்கு உலகம் பூரா ஆராயுறதுல அந்த பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு. அதே மருந்தை ஒரே வயல்ல திரும்பத் திரும்ப அடிச்சா அதைத் தின்னுற கூட்டம் பெருகிடும், அப்புறம் கார்போஃபியூரான் மாதிரி மருந்து போட்ட கொஞ்ச நாள்லயே காணாமப் போயிடும், பூச்சி சாகாது, விவசாயி கடைக்காரரைத் திட்டுவார்.

இலைச்சாறு இங்க என்ன பண்ணும்னா, முதல்ல அந்த நுண்ணுயிருக்குத் தீனி. அடுத்தது தூண்டுதல். 1997ல வந்த ஒரு ஆய்வுல ஸ்பியர்மிண்ட்ங்கிற புதினா வகையோட வாசனைப் பொருளான கார்வோனைக் குடுத்தப்போ ஒரு மண் பாக்டீரியா பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்)ங்கிற பிடிவாதமான தொழிற்சாலைக் கெமிக்கலை உடைக்க ஆரம்பிச்சுச்சு. பி.சி.பி. பூச்சிமருந்து இல்ல, ஆனா செடிப் பொருள் ஒண்ணு பாக்டீரியாவை ‘எந்திரி, வேலை இருக்கு’ன்னு எழுப்பிவிட முடியும்ங்கிறதுக்கு அது நல்ல சாட்சி. சாறை ஒரு தடவை ஊத்தறதை விட மண்ணுல எப்பவும் உயிரோட வேர் இருக்குற மாதிரி ஏதாச்சும் பயிர் வெச்சிருந்தா அது தினமும் சொட்டு சொட்டா அதே வேலையைச் செய்யும், என் கணிப்பு அப்படித்தான்.

ஆனா எந்த மருந்து அடிச்சீங்கன்னு தெரியாம இதுக்கு மேல நான் பேசக்கூடாது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட்டுன்னா காலம் உங்க பக்கம். அந்தக் காலத்து டி.டி.டி.ன்னா கதை வேற. அது உடைஞ்சாலும் டி.டி.இ.ன்னு ஆகும், அது அப்பனை விடப் பிடிவாதக்காரப் புள்ள, பல பத்து வருஷம் மண்ணுல உக்காந்திருக்கும். எந்தச் சாறும் அதை அசைக்காது. பூசணி குடும்பத்துல சுக்கினி வகை டி.டி.இ.ய வேர் வழியா உறிஞ்சி மேல ஏத்திக்கும்னு கண்டுபுடிச்சிருக்காங்க. அது உடைக்கல, மண்ணுல இருந்து காய்க்கு மாத்துது. பழைய டி.டி.டி. நிலத்துல அதைப் போட்டுச் சாப்பிடக் கூடாதுங்கிற பாடம்தான் அதுல இருக்கு.

கேள்வி: உடைஞ்சா சரி, அத்தோட விஷம் தீர்ந்துச்சுதானே?
– ஒரு வாசகர், ஒரே வரியில்

இல்லயே! இதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்குறாங்களேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உடையறதும் மாறுறதும் ரெண்டு திசையிலயும் போகும். மாலத்தியானோட எஸ்டர் பிணைப்பு உடைஞ்சா விஷம் நல்லா குறையும். அதே மாலத்தியான்ல இருக்குற கந்தகத்தை எடுத்துட்டு ஆக்சிஜனை வெச்சா மாலாக்சான், நரம்பைத் தாக்குற வேகம் ரொம்ப அதிகம். குளோரின் கலந்த தண்ணில குளோர்பைரிபாஸும் இப்படித்தான் ஆக்சானா மாறும். மெஷின்ல பாத்தா ‘குளோர்பைரிபாஸ் 90 சதவீதம் குறைஞ்சுது’ன்னு சந்தோஷமா ரிப்போர்ட் வரும், நெஜத்துல பூனையை விரட்டிட்டுப் புலியைக் கூட்டிட்டு வந்த கதை. அசிபேட் உடைஞ்சா மெத்தமிடோபாஸ், அது அசிபேட்டை விட மோசம். மேன்கோசெப் பூஞ்சைமருந்து மிச்சம் சூட்டுல எத்திலீன்தயோயூரியாவா மாறும், அதுவும் வேண்டாத சாமான். அதனால ஆக்சிஜனேற்றம் பண்ற எந்தச் சாறா இருந்தாலும், பெராக்சிடேஸ், வெளிச்சம், ஃபென்டன் எதுவா இருந்தாலும், ‘எவ்வளவு போச்சு’ன்னு கேட்டா மட்டும் பத்தாது, ‘என்னவாச்சு’ன்னும் கேக்கணும்.

கேள்வி: எங்க காலேஜ் புராஜெக்ட்டுக்கு இலைச்சாறு வெச்சு பூச்சிமருந்தை உடைக்கிற தலைப்பு எடுத்திருக்கோம். சீனியர்ஸ் எல்லாரும் யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர்ல அப்சார்பன்ஸ் குறையறதைக் காட்டி மார்க் வாங்கியிருக்காங்க. நாங்களும் அப்படியே பண்ணலாமா?
– ஒரு மாணவி

மார்க் வேணும்னா பண்ணும்மா, பதில் வேணும்னா பண்ணாத. இலைச்சாறுல இருக்குற பீனால், ஃபிளேவனாய்டு எல்லாம் அதே புற ஊதாப் பகுதிலதான் உறிஞ்சும். ரெண்டு நாள் வெச்சா சாறே கெட்டுப்போய் நிறம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் நீ மருந்து உடைஞ்சதா எழுதுவ. மருந்தைத் தனியா பிரிச்சு அளக்கணும், அதுக்கு கலவையில இருக்குறதைத் தனித்தனியா பிரிச்சுக் காட்டுற ஜி.சி. (வாயு குரோமட்டோகிராஃபி) இல்ல எல்.சி. (திரவ குரோமட்டோகிராஃபி) வேணும், கூட மூலக்கூறை எடை வெச்சு அடையாளம் காட்டுற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தா சொர்க்கம். சாம்பிள் தயார் பண்ண 2003ல வந்த குவெச்சர்ஸ் முறை இருக்கு, அசிட்டோநைட்ரைல் ஊத்தி, உப்பு போட்டு, குலுக்கி, சுத்தற மெஷின்ல வெச்சு எடுக்கறது, உங்க லேப்லயே செய்யலாம்.

முக்கியம் மெஷின் இல்ல, பாட்டில்கள். ஒரு பாட்டில்ல மருந்தும் வெறும் தண்ணியும். ரெண்டாவதுல மருந்தும், சாறோட அதே பி.எச். உள்ள பஃபரும் (பி.எச். மாறாம புடிச்சு வெக்கிற கரைசல்), ஏன்னா உடைச்சது சாறா இல்ல பி.எச்.சான்னு இதுதான் சொல்லும். மூணாவதுல பச்சைச் சாறு, நாலாவதுல அதே சாறு கொதிக்க வெச்சு ஆறினது. மூணாவது உடைச்சு நாலாவது உடைக்கலன்னா என்சைம், ரெண்டும் ஒரே மாதிரி உடைச்சா என்சைம் இல்ல, மக்காச்சோளக் கதை மாதிரி வேற ஏதோ பொருள். எல்லாத்துலயும் ஒரு செட் இருட்டுல, ஒரு செட் வெளிச்சத்துல. சாறுல பாக்டீரியா வளர்ந்து அதுவே வேலையை முடிச்சிடும், அதனால ஒரு செட்டையாவது கிருமி நீக்கின ஃபில்டர்ல வடிகட்டி வை.

அப்புறம் யாருமே வெக்காத பாட்டில் ஒண்ணு இருக்கு. ரெண்டு நாள் சும்மா வெச்ச வெறும் சாறுல, அளக்கப் போறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி தெரிஞ்ச அளவு மருந்தைப் போட்டு உடனே எடுத்து அள. உடையறதுக்கு நேரமே குடுக்கல, ஆனா மெஷின் 60 சதவீதம்தான் காட்டுதுன்னு வை, மீதி 40 சாறுக்குள்ள ஒட்டிக்கிச்சு, இல்ல மெஷினோட சிக்னலை சாறு அமுக்கிடுச்சுன்னு அர்த்தம். அந்த 40ஐக் கழிக்காம எழுதற எந்த ‘உடைப்பு சதவீத’த்தையும் நம்பாத, அச்சுல வந்திருந்தாலும் சரி. கடைசியா, உடைஞ்ச துண்டைத் தேடு. குளோர்பைரிபாஸ்னா டி.சி.பி.ன்னு சொல்ற டிரைகுளோரோபைரிடினால் வரணும். தாய் குறையக் குறைய துண்டு ஏறினாத்தான் உடைஞ்சது உறுதி. தாயும் இல்ல, துண்டும் இல்லன்னா எங்கயோ ஒளிஞ்சிருக்கு, பாட்டில் சுவரைக் கழுவிப் பாரு, சில மருந்து கண்ணாடிலயும் பிளாஸ்டிக்லயும் போய் ஒட்டிக்கும்.

கடையில விக்கிற கான்சன்ட்ரேட் மருந்தை ஹாஸ்டல் ரூம்ல வெச்சு கலக்கற வேலை மட்டும் வேணவே வேணாம். சுத்தமான ஸ்டாண்டர்டு வாங்கி, ஃபியூம் ஹூடுக்குள்ள, கைட் மேடம் பக்கத்துல இருக்கும்போது செய்.

கேள்வி: உடம்புக்குள்ள சேந்த பூச்சிமருந்தை முறிக்க எந்த இலைச்சாறு குடிக்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்

எதுவும் குடிக்காதீங்க. பாட்டில்ல நடந்தது வயித்துல நடக்காது, என்சைம் எல்லாம் இரைப்பை அமிலத்துலயே காலி. உங்க உடம்புல ஏற்கனவே அதுக்கு ஆள் இருக்கு, கல்லீரல்ல கார்பாக்சில் எஸ்டரேஸ், ரத்தத்துல பாராக்சோனேஸ், தினமும் கிடைக்கிற துளி மிச்சத்தை அதுங்க உடைச்சு வெளிய அனுப்பும். அந்த கார்பாக்சில் எஸ்டரேஸ் நமக்கு நிறைய, பூச்சிக்குக் குறைச்சல், அதனாலதான் மாலத்தியான்ல பூச்சி சாகுது நாம தப்பிக்கிறோம்.

ஆனா நீங்க கேட்டது மருந்து அடிக்கும்போது மூச்சுல போனதோ, வாய்ல போனதோன்னா, எச்சில் ஊறுது, கண்ணுல தண்ணி, கண்மணி சுருங்குது, தசை துடிக்குது, மூச்சு முட்டுதுன்னா ஒரு நிமிஷம் கூட வீட்டு வைத்தியத்துல வீணாக்கக் கூடாது. துணிய மாத்துங்க, தோலை சோப்புப் போட்டுக் கழுவுங்க, வாந்தி எடுக்க வெக்காதீங்க, மருந்து டப்பாவையும் லேபிளையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அங்க அட்ரோபின் குடுப்பாங்க. அது கூட பெல்லடோனாங்கிற செடில இருந்து வந்த சரக்குதான், ஆனா டாக்டர் ஊசில அளந்து போடும்போது மட்டும்தான் மருந்து, செடியா தின்னா அதுவே விஷம்.

கேள்வி: வேப்பெண்ணெய் அடிச்ச காயையும் இப்படிக் கழுவணுமா? அது இயற்கைதானே?
– மாடித்தோட்டம் வெச்சிருக்கிற ஒரு வாசகி

கழுவுங்க. வேம்புல பூச்சியைத் தாக்குற சரக்கான அசாடிராக்டின் வெயில்ல சீக்கிரமே உடைஞ்சிடும், அது நல்ல குணம், ஆனா எண்ணெய் தோல்ல ஒட்டிக்கிட்டு கசக்கும். ‘இயற்கை’ங்கிற வார்த்தைய மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கிட்டு உக்காராதீங்க. நிக்கோட்டின் ஒரு காலத்துல பேர்போன பூச்சிமருந்து, புகையிலைல இருந்து வந்தது, தோல் வழியாவே ஏறி ஆளைச் சாய்க்கும். கார்பமேட் மருந்துங்களுக்கு முன்மாதிரியா இருந்ததே ஆப்பிரிக்காவோட கலபார் பீன்ஸ்ல இருந்த பைசோஸ்டிக்மின்தான், அந்தக் கொட்டையைத் தின்னக் குடுத்து குற்றவாளியா இல்லையான்னு சோதிச்சிருக்காங்க, செத்தா குற்றவாளி. பைரித்ராய்டுக்குத் தாத்தா யாருன்னு பாத்தா ஒரு சாமந்தி வகைப் பூ. உங்க மாடித் தக்காளியை ரெண்டு தடவை தண்ணில தேச்சு அலசினாப் போதும், இலைச்சாறு எதுவும் அரைக்க வேணாம்.